ஓசூர்ச் சிறுவனுக்குப் பெங்களூர் தந்த நண்பர்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு வேண்டிய யாவற்றையும் பெற்றோரே தேர்ந்து தருகின்றனர். குடியிருக்கும் தெரு, சேரும் பள்ளி, பயிலும் மொழி, விழா நாளில் செல்லும் கோயில் ஆகிய அனைத்தும் தாய்தந்தையர் முடிவு செய்தவையே. ஒன்றை மட்டும் பிள்ளை தானே தேர்ந்துகொள்கிறது, அதுவே நட்பு. பன்னிரண்டு வயதளவும் அண்டை வீட்டாரோடும் உறவினர் பிள்ளைகளோடும் ஆடித் திரிந்த சிறுவன், அதன்பின் தன் மனத்துக்கு உகந்தவன் இவன் என ஒருவனைத் தேடிக்கொள்கிறான். சிறுமியும் அவ்வாறே ஒரு தோழியைத் தேடிக்கொள்கிறாள். பெற்றோர் சொல்லினும் தோழர் சொல் பெரிதாகத் தோன்றும் பருவம் அது. பெற்றோர் உள்ளத்தில் அச்சம் குடிபுகும் பருவமும் அதுவே.

தமிழன்பர்கள் கூடும் இடங்களில் இவ்வச்சத்தை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். "யாரோடு சேர்கிறான் என்றே தெரியவில்லை" என்பார் ஒரு தந்தையார். "நம்மவர் வீட்டுப் பெண்களோடு மட்டும் பழகு என்று சொல்லி வைத்திருக்கிறேன்" என்பார் ஓர் அன்னையார். பிறமொழி வழங்கும் நகரில், தன் மொழி பேசும் பிள்ளையோடு தன் பிள்ளை சேர்ந்தால் தீங்கு வாராது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் மொழி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நட்பை அளக்கலாமா என்னும் வினாவுக்கு, நாம் வாழும் இந்நகரின் வரலாறே விடை வைத்திருக்கிறது. அதனை எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கலந்து வாழ்ந்த நகரம்

பெங்களூரில் தமிழர் நேற்று வந்தவர் அல்லர். தொம்மலூரிலும் மடிவாளாவிலும் உள்ள பழங்கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தண்டு என மக்கள் வழங்கிய படைத்தளத்தை அமைத்தபோது, ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வணிகரும் கட்டடத் தொழிலாளரும் எழுத்தரும் பெருந்திரளாக வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜி நகரிலும் குடியேறினர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களாக வளர்ந்து நிற்கிறது. பின்னர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-இலும், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை 1948-இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இலும் தோன்றின. அவற்றின் குடியிருப்புகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசும் வீடுகள் ஒரே வரிசையில் அமைந்தன. மாலையில் அவ்வரிசைகளுக்கு நடுவே பந்தாடிய பிள்ளைகள் ஒருவர் வீட்டு மொழியை மற்றவர் பேசக் கற்றனர். கலந்து பழகுதல் இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் புகுத்திய புதுமையன்று; அது அவர்கள் பிறந்து வளர்ந்த நிலத்தின் இயல்பு.

இந்நிலத்தில் முளைத்த நட்புகளுள் ஒன்று தமிழுலகம் நன்கறிந்த ஒருவருடையது. அது பரவலாகப் பேசப்படாமல் இருப்பதனால் இங்கே சற்று விரித்துரைக்கிறோம்.

சென்ட்ரல் கல்லூரியில் இருவர்

1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்து, ஓசூரில் தொடக்கக் கல்வி பயின்றவர் இராசகோபாலாச்சாரியார். பின்னாளில் நாடு முழுதும் அவரை ராஜாஜி என்று அழைத்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் இன்று ஒரு மணி, இரண்டு மணிப் பயணம். 1890-களின் தொடக்கத்தில் கல்லூரிக் கல்விக்காக இந்நகர் புகுந்தபோது அவர் மிக இளையவர். இன்று எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் பயிலும் நம் பிள்ளைகளின் வயதினரே எனலாம். கிராம முனிசீப்பின் மகனாகிய அச்சிறுவன், தன்னினும் மூத்த மாணாக்கர் நடுவே, பழகாத நகரில் வந்து நின்றான். வேற்றூர்ப் பள்ளியில் முதல்நாள் நுழையும் பிள்ளையின் உள்ளம் எத்தகையது என்பதை நம் இல்லங்களில் அறியாதார் யார்?

அவர் சேர்ந்த சென்ட்ரல் கல்லூரி, 1858-இல் உயர்நிலைப் பள்ளியாகத் தோன்றி 1875-இல் அப்பெயர் பெற்றது. அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. பொறியியல் மேதை விசுவேசுவரையா பயின்ற கல்லூரியும் அதுவே. இன்று அதனருகே அமைந்த மெட்ரோ நிலையம் அவ்விரு பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. அங்கு ஜான் கத்ரி டெயிட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஆசிரியராக விளங்கினார். தம் நாட்டுக்காக ரக்பி ஆட்டம் ஆடிய அவர், இங்கு மாணாக்கர்க்கு ஆங்கில இலக்கியத்தில் ஆர்வம் ஊட்டினார். அவரிடம் பயின்ற மாணாக்கருள் ராஜாஜிக்கு நெருங்கிய தோழராக வாய்த்தவர் நவரத்ன ராமராவ்.

ராமராவ் 1877-இல் மைசூர் நாட்டில் பிறந்தவர். ராஜாஜியினும் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர். பின்னர் மைசூர் அரசில் அமில்தாராகப் பணிபுரிந்து, பட்டுத் தொழில் துறையை வளர்த்தவர். 'சில நினைவுகள்' எனப் பொருள்படும் 'கெலவு நெனபுகளு' என்னும் நூலால் கன்னட இலக்கியத்தில் இடம்பெற்றவர். ஒருவர் சென்னை மாகாணத்துச் சிற்றூர்ப் பிள்ளை. மற்றவர் மைசூர்ச் சமத்தானத்தைச் சேர்ந்தவர். ஒருவர் பின்னாளில் தமிழில் எழுதினார். மற்றவர் கன்னடத்தில் எழுதினார். கல்லூரி வகுப்பில் தொடங்கிய அவர்தம் நட்பு, ராமராவ் 1960-இல் மறையும் வரை, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது.

நட்பைத் தாங்கியது எது?

இந்நட்பு வளர்ந்த விதத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் கருதத்தக்கவை இரண்டு உள.

முதலாவது, அது ஒரு செயலைப் பற்றி வளர்ந்தது. ஒரே ஆசிரியர், ஒரே நூல்கள், படித்ததைப் பற்றிய பேச்சு ஆகியவை இருவர்க்கும் பொதுவாயின. வெறும் பொழுதுபோக்கில் கூடியவர் பொழுது மாறினால் பிரிவர். ஒன்றாகக் கற்றவரும், ஒன்றாக ஆடிப் பழகியவரும், ஓர் இசையையோ கைத்தொழிலையோ சேர்ந்து பயின்றவரும் எளிதில் பிரிவதில்லை. ஆதலின் "நல்ல நண்பனைத் தேடு" என்று பிள்ளையிடம் சொல்வதனால் பயன் குறைவு. நல்ல செயல் நடைபெறும் இடத்தில் அப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நண்பர் தாமே வாய்ப்பர். நூலகம், விளையாட்டுத் திடல், இசை வகுப்பு, சங்கத்தின் தமிழ் வகுப்பு ஆகியவை அத்தகைய இடங்கள்.

இரண்டாவது, இருவர்தம் வழிகள் வேறுபட்ட பின்னும் அந்நட்பு குலையவில்லை. ராஜாஜி 1900-இல் சேலத்தில் வழக்கறிஞரானார். பின் அத்தொழிலைத் துறந்து காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார். ராமராவோ ஆங்கில அரசுக்குக் கட்டுப்பட்ட சமத்தானத்தின் அலுவலர். ஒருவர் சிறையில் இருக்க, மற்றவர் அரசுப் பணியில் இருந்தார். பின்னர் ராஜாஜி 1937-இல் மாகாணத்தின் முதலமைச்சரும், 1948-இல் இந்தியாவின் தலைமை ஆளுநரும் ஆனார். சிறைக் கதவும் அந்நட்பைத் தடுக்கவில்லை. மாளிகைக் கதவும் தடுக்கவில்லை. நண்பன் நம்மைப் போலவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வழியிலேயே நடக்க வேண்டும் என்பதும் இல்லை. "என் கூட்டத்தில் இருக்க வேண்டுமானால் நான் சொல்வதையே நீயும் செய்ய வேண்டும்" என்பவன் நண்பன் அல்லன் என்பதைப் பிள்ளைகட்கு நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கொண்டே தீய கூட்டத்தை அவர்கள் இனங்காணலாம்.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளில் நட்பைப் பற்றிய அதிகாரங்கள் 79 முதல் 83 வரை தொடர்ந்து அமைந்தவை ஐந்து: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடாநட்பு. இவ்வரிசையை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நட்பின் இயல்பைக் கூறிய உடனே வள்ளுவர் ஆராய்தலைக் கூறுகிறார். நெடுநாள் பழகியவரின் உரிமையையும் பிழை பொறுத்தலையும் பேசும் 'பழைமை' அதன் பின்னரே வருகிறது. இறுதி இரண்டும் விலக்க வேண்டிய நட்பைப் பற்றியவை. முன்னரே 46-ஆம் அதிகாரத்தில் சிற்றினத்தோடு சேராமையையும் கூறியிருக்கிறார்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். பழகிய இரண்டாம் நாளே உள்ளத்தை முழுதும் திறந்து காட்டுகின்றனர். புண்பட்ட பின்னரே ஆராய்கின்றனர். பெரியோராகிய நாமோ ஆராய்ச்சியை முதல்நாளே முடித்து விடுகிறோம். பிள்ளையின் தோழன் வாயிலில் நிற்கும்போதே அவன் தந்தை யார், எந்த ஊர், என்ன மொழி என்று கேட்டுத் தீர்ப்பு வழங்குகிறோம். இரண்டும் பிழை. ஆராய்தல் என்பது குலமும் மொழியும் கேட்பதன்று. காலங்கொடுத்து நடத்தையைக் காண்பது. வாக்களித்தபடி வருகிறானா, தோற்றபோது எவ்வாறு நடக்கிறான், தன்னினும் எளியவரிடம் எவ்வாறு பேசுகிறான், இல்லாதவரைப் பற்றி என்ன சொல்கிறான் என்று நான்கு செய்திகளை நோக்குமாறு பிள்ளைக்குக் கற்பித்தால் போதும். இன்று நம்மிடம் பிறரை இகழ்பவன் நாளை பிறரிடம் நம்மை இகழ்வான் என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எளிதில் உணர்ந்துகொள்ளும்.

வேண்டாம் எனச் சொல்லும் உரிமை

ராஜாஜியின் வாழ்விலேயே மற்றொரு நட்பும் உண்டு. அவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் ஈரோட்டு நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ. வெ. ராமசாமி. அந்நாளில் தளிர்த்த நட்பு, கொள்கைப் போரில் இருவரும் எதிரெதிர் நின்ற பின்னும் பட்டுப்போகவில்லை. 1938-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பெரியார் சிறை சென்றபோது மாகாண அரசின் தலைவர் ராஜாஜியே. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் 1949-இல் தம் திருமணம் குறித்துக் கலந்து பேசப் பெரியார் நாடிச் சென்றது ராஜாஜியைத்தான். திருமணம் வேண்டாம் என்பதே ராஜாஜி கடிதத்தில் எழுதிய அறிவுரை. அதனைப் பெரியார் ஏற்கவில்லை. ராஜாஜியே தூண்டினார் என்று ஊரார் பழி கூறியபோதும், அந்தரங்கமாக எழுதப்பட்ட அக்கடிதத்தை எவரும் வெளியிடவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து கண்ணீர் விட்டார்.

இங்கு நட்பின் இரு கடமைகளைக் காண்கிறோம். தவறென்று தோன்றுவதைத் தவறென்று சொல்லுதல் ஒன்று. நம்பி எழுதிய சொல்லைக் காத்தல் மற்றொன்று. முதற் கடமை தவறிய நட்புக்கு மகாபாரதத்துக் கன்னனும் துரியோதனனும் சான்றாவர். கன்னனின் நன்றியும் வீரமும் பெரியவை. எனினும் அவையில் திரௌபதி இழிவுபடுத்தப்பட்ட நாளில் அவன் நண்பனைத் தடுக்கவில்லை. நண்பனுக்காக உயிர் கொடுக்க முடிந்தவனால், "இது வேண்டாம்" என்னும் ஒரு சொல்லைக் கொடுக்க முடியவில்லை. வகுப்பில் ஓர் எளிய மாணவனைப் பலர் சேர்ந்து எள்ளி நகையாடும்போது உடன் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இக்கதை உரியது.

காக்கத்தகாத மறைசெய்தி

மறைசெய்தியைக் காத்தல் நட்பின் கடமை என்றோம். எல்லா மறைசெய்தியையுமா? நம் அக இலக்கியம் இவ்வினாவுக்கு விடை தந்துள்ளது. தலைவியின் உயிர்த்தோழி அவள் உள்ளத்தை முழுதும் அறிந்தவள். பிறர் அறியாமல் காப்பவள். எனினும் தலைவிக்குத் துன்பம் மிகும் வேளையில் அவள் வாய்மூடி இருப்பதில்லை. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையை உரிய முறையில் உணர்த்துவர். இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர் வைத்தனர் நம் முன்னோர். மறைவை வெளியிடும் அச்செயலைக் காட்டிக்கொடுத்தல் என்னாமல் அறத்தின் பக்கம் நிற்றல் என்று அவர்கள் கூறிய நுட்பம் எண்ணத்தக்கது.

இப்பாடம் இன்று நம் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் மிக வேண்டுவதாகும். தோழி ஒருத்தி உண்ணாது உறங்காது வாடினாலும், எவரேனும் அவளை அச்சுறுத்தினாலும், தோழன் ஒருவன் போதைப் பொருளைத் தொட்டுவிட்டாலும், "யாரிடமும் சொல்லாதே" என்று அவர்கள் இறைஞ்சக்கூடும். அவ்வேளையில் நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் சொல்வதே நட்பு. ஆனால் அப்பெரியவர் நாமாக இருக்க வேண்டுமாயின், கேட்டவுடன் சினந்து எழுபவராக இருத்தல் கூடாது. ஏசும் தாயிடம் எந்தச் செவிலியும் வந்து உண்மை உரைப்பதில்லை.

கைப்பேசித் திரையில் முகமறியாது வளரும் நட்பையும் இவ்விடத்தே நினைக்க வேண்டும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் காணாமலே நண்பராயினர் என்று நம் பிள்ளைகளே நமக்கு விடையிறுக்கலாம். அவ்விருவரும் பெயரை மறைத்துப் பழகியவர் அல்லர். அவர்தம் வாழ்வு உலகறிந்தது. சோழன் வடக்கிருந்த வேளையில், அழைப்புக்குக் காத்திராமல் பாண்டி நாட்டிலிருந்து புலவர் நேரில் வந்து சேர்ந்தார். திரைக்கு அப்பால் இருப்பவர் தம் பெயரும் முகமும் மறைத்து, பெற்றோர் அறியலாகாது என்று கட்டளையும் இடுவாராயின், அந்நட்பைப் பிசிராந்தையார் நட்போடு ஒப்பிடுதல் தகாது.

பெற்றோர் செய்யத்தக்கது

நண்பரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளையுடையது. அத்தேர்வு வெளிச்சத்தில் நடைபெறச் செய்வதே நம் கடமை. அதற்கு எளிய வழி வீட்டு வாயிலைத் திறந்து வைத்தல். பிள்ளையின் தோழர் நால்வரும் நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து உண்ணட்டும். அவர் பெயரை நாம் அறிவோம், பேச்சைக் கேட்போம், அவர் பெற்றோரோடும் பழகுவோம். ஒரு வேளைச் சோற்றில் அறியக்கூடியதை ஓராயிரம் கேள்விகளால் அறிய இயலாது. ஒரு தோழன் தகாதவன் என்று தோன்றினால், "அவனைச் சேராதே" என்று ஆணையிடுவதினும், அவன் செய்த இன்ன செயல் தகாதது என்று சுட்டுவது நன்று. ஆளை இகழ்ந்தால் பிள்ளை ஆளைக் காக்க முற்படும். செயலைச் சுட்டினால் தானே எண்ணிப் பார்க்கும். தோழர்க்குள் பூசல் நேர்ந்தால் நாம் உடனே இடைபுகாமல், வருத்தம் தெரிவிக்கவும் மன்னிக்கவும் அவர்கள் தாமே கற்க இடந்தருதல் வேண்டும். நட்பைத் தொடங்குவதினும் பிளந்ததைப் பொருத்துவது அரிய கலை.

இறுதியாக ஒன்று. காவிரி நீர்ப் பிணக்கால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரத் தெருக்களில் தீ எழுந்ததை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் "நம்மவர்", "அவர்கள்" என்னும் பிரிவு பிள்ளைகளின் பள்ளி வரையும் சென்றது. அதே நாட்களில் அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் தமிழ்க் குடும்பத்தாரைத் தம் வீட்டுக்குள் அழைத்துக் கதவடைத்துக் காத்ததையும் நம்மில் பலர் அறிவோம். அக்கதவு அன்று ஒரு நாளில் திறந்ததன்று. பல்லாண்டுப் பழக்கம் திறந்து வைத்த கதவு அது. பிள்ளையின் நட்பைத் தன் மொழியினரோடு மட்டும் அடைத்து வைக்கும் பெற்றோர், தம்மையறியாமலே அக்கதவுகளைச் சாத்துகின்றனர்.

அல்சூர் ஏரிக்கருகே வள்ளுவர்க்கு 1991-இல் அமைத்த சிலை, திறப்பு விழாக் காணாமல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. நட்புக்கு ஐந்து அதிகாரம் வகுத்தவர், நட்பின்மையால் திரைக்குள் நின்றார். 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரு மாநில முதலமைச்சரும் கூடி நிற்க அத்திரை விலகியது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. அரசுகளுக்கு 18 ஆண்டுகள் பிடித்த செயலை, ஓசூர்ச் சிறுவரும் மைசூர்த் தோழரும் ஒரு வகுப்பறையில் செய்து முடித்தனர். நம் இல்லங்களிலிருந்து நாளைக் காலை பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகட்கும் அத்தகைய நண்பர் வாய்ப்பாராக! அவர்களை வரவேற்க நம் வாயில்கள் திறந்திருப்பனவாக!